எத்தனை மணி?

"மணி எத்தனைம்மா?" என்று கேட்டபடி மகள் எட்டிப் பார்த்தாள்.

"78" என்றேன்.

அவள் கேட்டது கடிகாரத்தை. நான் சொன்னது நூலில் ஏறியிருந்ததை. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது அது 78-ஆ, 87-ஆ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

செய்துகொண்டிருந்தது ஐந்து சரம் வைத்த பிரேஸ்லெட். சரத்துக்கு 112 மணி. 11/0 என்ற அளவில் விற்கும் பொடி மணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். விரலால் எடுக்க வராது. தட்டில் பரப்பி ஊசி நுனியால் அள்ள வேண்டும். ஒரு சரத்தில் மூன்று மணி கூடிவிட்டால் அந்தச் சரம் மட்டும் மணிக்கட்டில் தொய்ந்து தொங்கும். போட்டுக்கொள்பவர் ஒருவேளை கவனிக்கமாட்டார். எனக்குத் தெரியுமே! திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன். 40-ஐத் தாண்டும்போது அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது.

வீட்டிலிருந்தே கைவினை நகை செய்து விற்கிறேன். இந்த ஏழு வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் எப்படிச் செய்கிறீர்கள்?" என்பதுதான். முன்பெல்லாம் "நேரத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன்" என்று சொல்வேன். அது பொய். ஒருமுறை நிஜமாகவே அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். 10 முதல் 12 வரை நகை, 12 முதல் 1 வரை சமையல், இப்படி. நான்கு நாள் தாங்கியது. முதல் நாள் மகனுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் அத்தையின் மூக்குக்கண்ணாடி காணவில்லை, அது கிடைத்தபோது 12 மணி. மூன்றாம் நாள் என்ன என்று மறந்துவிட்டேன். நான்காம் நாள் நானே அட்டவணையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கூரியர் முகவரி எழுதினேன்.

பிறகு ஒரு விஷயம் படித்தேன். ஜூடித் பிரவுன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970-ல் எழுதிய மிகச் சிறிய கட்டுரை பற்றியது. பல சமூகங்களில் சில வேலைகள் மட்டும் ஏன் பெண்கள் கைக்கே வந்து சேர்கின்றன என்று அவர் யோசித்திருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்ய முடிகிற வேலைகள் அவை என்பது அவர் கண்ட விடை. அதாவது முழுக்கவனமும் தேவைப்படாதவை, ஆபத்தில்லாதவை, வீட்டைவிட்டு வெகுதூரம் போகத் தேவையில்லாதவை, நடுவில் விட்டுவிட்டுப் போனாலும் திரும்பி வந்து சுலபமாகத் தொடரக்கூடியவை. படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. குழந்தை யார் பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு வேலையை அதற்கு ஏற்றபடி வெட்டிக் கொடுத்திருக்கிறது உலகம். ஆனால் கடைசியில் இருந்த "நடுவில் விட்டாலும் தொடரக்கூடியவை" மட்டும் மனதில் தங்கிவிட்டது. நான் இத்தனை நாளும் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வேலையை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சரி, பார்க்க ஆரம்பித்தேன். சட்டென்று கீழே வைத்துவிட்டுப் போகக்கூடியவை நிறைய இருந்தன. ஜம்ப் ரிங் (பாகங்களை இணைக்கும் சின்னக் கம்பி வளையம்) திறந்து மூடுவது, ஹெட் பின்னை (ஒரு முனையில் தலை வைத்த சின்னக் கம்பி) வளைத்துக் கொக்கி போடுவது, கம்மலை அட்டையில் குத்துவது, கலந்துபோன மணிகளை நிறம் பிரிப்பது. ஒரு வளையத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. யார் கூப்பிட்டாலும் கம்பி வளைக்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வரும்போது எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும்.

முத்து மாலை அப்படியில்லை. நல்ல முத்து மாலையில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே பட்டு நூலில் ஒரு முடிச்சு இருக்கும். முத்தும் முத்தும் உரசித் தேயாமல் இருக்கவும், நூல் அறுந்தால் எல்லாம் சிதறாமல் ஒரே ஒரு முத்தோடு போகவும்தான் அந்த ஏற்பாடு. முடிச்சை ஊசியில் மாட்டி, முத்தை ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்து, ஒட்டியபின் ஊசியை உருவி இறுக்க வேண்டும். நகர்த்துவதற்கும் இறுக்குவதற்கும் நடுவே கையை எடுத்தால் முடிச்சு கிடைத்த இடத்தில் இறுகிவிடும். முத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி நின்றுபோகும். பட்டில் இறுகிய முடிச்சைப் பிரிப்பது என்பது பெரும்பாலும் நூலையே வெட்டுவதுதான். அதனால் எங்கள் வீட்டில் "ஒரு முத்து!" என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. யாராவது கூப்பிட்டால் "ஒரு முத்து!" என்பேன். அரை நிமிடம் பொறு என்று அர்த்தம். இப்போது மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் அவனும் "ஒரு முத்து!" என்கிறான். குளியலறையிலிருந்துகூட அந்தக் குரல் வருகிறது.

மூன்றாவது ரகம், தொட்டால் முடிக்கும்வரை விடவே முடியாதது. அதை நான் கற்றுக்கொண்டது ரெசினில். எபாக்ஸி ரெசின் என்பது கலந்தால் கண்ணாடி மாதிரிக் கெட்டியாகிற இரண்டு திரவம். கலந்த நொடியிலிருந்து இறுகும் வேலை தொடங்கிவிடும். கலந்து, குமிழி அடங்க விட்டு, அச்சில் ஊற்றும்வரை கைவசம் இருப்பது பெரும்பாலும் சில பத்து நிமிடங்கள்தான். கப்பில் மொத்தமாகத் தேங்கி நின்றால் அதன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும். அன்றைக்கு 12 பதக்கத்துக்குக் காய்ந்த பூக்களை அச்சுகளில் அடுக்கி வைத்திருந்தேன். பருப்பு அடுப்பில் இருந்தது. கலக்கி முடித்த நேரத்தில் அத்தை "ஏதோ தீயற வாசனை வருதே" என்றார். ஓடிப் போய் அடுப்பை அணைத்து, அடிப்பிடித்ததில் மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அத்தையின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், கப் தொட முடியாத சூட்டில் இருந்தது. கலக்கிய குச்சி நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒரே நாளில் பருப்பும் போயிற்று, ரெசினும் போயிற்று. அந்தக் கப்பை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதற்குள் பேனா வைத்துக்கொள்ள இடமில்லை என்பதுதான் வருத்தம்.

சமையலும் இதே மூன்று ரகம்தான் என்று அப்போது பிடிபட்டது. காய் நறுக்குவதை எந்த நொடியிலும் விடலாம். பருப்பு தானே வேகும், டைமர் வைத்தால் போதும் (வைக்க வேண்டும்!). பால் காய்ச்சுவதும் எண்ணெயில் பொரிப்பதும் விடவே முடியாதவை. இதற்குப் பிறகு எனக்கு இருப்பது ஒரே விதி: மூன்றாம் ரகம் இரண்டு ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. அடுப்பில் பருப்பென்றால் மேசையில் ஜம்ப் ரிங். ரெசின் ஊற்றுவது எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்பு அணைந்த பிறகு, கையுறை மாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து. ஊற்றி மூடி வைத்துவிட்டால் ஒரு நாளைக்கு அதைத் தொட வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரம் முழுக்க எனக்குத்தான்.

பொருள் வாங்குவது மூன்றாம் ரகம் என்று புரிய எனக்கு இன்னும் நாளாயிற்று. தொழில் தொடங்கிய புதிதில், ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ஃபோனுமாக காதுக் கொக்கிக்குக் கம்பி ஆர்டர் செய்தேன். எண் பெரிதாக இருந்தால் கம்பி தடிமனாக இருக்கும் என்று நினைத்து 26 கேஜ் வாங்கிவிட்டேன். கேஜ் கணக்கு தலைகீழ்; எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 20 கேஜ் 0.8 மில்லிமீட்டர், காதுக்குச் சரியாக இருக்கும். 26 கேஜ் 0.4 மில்லிமீட்டர். கொக்கி செய்து கம்மலைத் தொங்கவிட்டதும் அது நூல் மாதிரி நீண்டு நேராகிவிட்டது. அதாவது பரவாயில்லை, என் காசோடு போயிற்று. இன்னொரு முறை, அதேபோல் அவசரத்தில், "நிக்கல் இல்லை" என்று போட்டிருந்த மலிவான கொக்கிகளை வாங்கிக் கோர்த்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒருவர் காது மடலின் படத்தை அனுப்பினார். சிவந்து, நீர்கோத்து, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. பிறகு தொடும்போதெல்லாம் அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காது குத்திய துளைக்குள் போகும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகத்தான் நிக்கல் கசியலாம் என்று சட்டமே இருக்கிறது. அவ்வளவு நுணுக்கமான விஷயத்தை நான் வெங்காயம் வதக்கிக்கொண்டே முடிவு செய்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மிச்சமிருந்த கொக்கிகளைக் குப்பையில் போட்டேன். இப்போது நிக்கல் கலக்காத டைட்டேனியம் அல்லது நியோபியம் உலோகக் கொக்கி மட்டும்தான். வாங்குவது ஞாயிற்றுக்கிழமை மதியம், உட்கார்ந்து, இரண்டு கையாலும்.

சமையலறைக்கும் நகைப் பெட்டிக்கும் பெரிய பகை ஒன்று இருக்கிறது, கந்தகம். இடம் போதாமல் வெள்ளிக் கம்பிச் சுருள்களை அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் வைத்திருந்தேன், ரப்பர் பேண்ட் போட்டு. எடுத்துப் பார்த்தபோது சுருள் முழுக்க மஞ்சள் பழுப்பாக மங்கியிருந்தது. ரப்பர் பேண்ட் தொட்ட இடத்தில் மட்டும் மை கொண்டு கோடு போட்டது போல் கருப்பு. நாங்கள் வேலை செய்யும் ஸ்டெர்லிங் வெள்ளியில் 92.5 சதவீதம்தான் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. இரண்டுமே கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். வெங்காயத்திலும் முட்டையிலும் கந்தகம் உண்டு. ரப்பரைக் கெட்டிப்படுத்துவதே கந்தகத்தைக் கொண்டுதான். மூன்றையும் ஒரே அலமாரியைச் சுற்றி வைத்திருந்தவள் நான்.

மருந்தும் சமையலறையிலேயே கிடைத்தது. பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா போட்டு வெந்நீர் ஊற்றினால், லேசாக முட்டை வாசனை வரும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. முத்தை அதில் போடக் கூடாது. வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகையையும் போடக் கூடாது. இலை நரம்பு தெரியக் கறுப்பேற்றியிருந்த ஒரு பதக்கத்தை நானே அதில் போட்டு வழவழவென்று வெளுத்து எடுத்திருக்கிறேன். அப்புறம் மறுபடி கறுப்பேற்ற ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, நறுக்கி, பதக்கத்தோடு சேர்த்து மூடிய பைக்குள் போட்டேன். அதுவும் வேலை செய்யும். மகன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இது யாருக்கு டிபன்?" என்றான். யாருக்கும் இல்லை. நகையோடு இருந்தது எதுவும் சாப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது. பட்டறைக்குப் போன கரண்டி, கிண்ணம், வடிகட்டி எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். சிவப்பு டேப் சமையலறைக்குள் வரக் கூடாது. குறட்டைத் தொட்ட கை சோப்பு போடாமல் மாவைத் தொடக் கூடாது. மலிவான உலோகப் பாகங்களில் ஈயமோ கேட்மியமோ போன்ற நச்சு உலோகம் இருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் வரப்போக இருப்பதால் காந்தக் கொக்கி வைத்த நகை செய்வதையே விட்டுவிட்டேன். இரண்டு காந்தத்தை ஒரு குழந்தை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. உலோகத்தைத் தீயில் சூடேற்றி ஒட்டவைக்கும் வேலையையும் நான் எடுப்பதில்லை. வாய்ப்பை இழக்கிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. இழக்கிறேன்தான்.

இனி, கட்டைவிரல் கதை. மூன்று வருடம் முன்பு ஒரு காலையில் பாட்டில் மூடியைத் திறக்கப் போனேன், கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வழியாக ஒரு வலி சுரீர் என்று ஏறியது. ஒரு மாதம் தைலம் தேய்த்து ஓட்டினேன். பிறகுதான் மருத்துவரிடம் போனேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். கத்திவிட்டேன். அதற்கு டி குவர்வேன் என்று பெயர். 1895-ல் அதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் போகின்றன. அந்த உறை தடித்தால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசும். கைக்குழந்தையை அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கு அடிக்கடி வருவதும் இதுதான்.

"குறடு பிடிக்கிறதாலதான் டாக்டர்" என்றேன். "ஒரு நாளில் எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?" என்றார். இரண்டு மணி நேரம். "மிச்ச நேரம் கை என்ன செய்யுது?" என்று கேட்டார். வரிசையாகச் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஒற்றைக் கையால் வாணலி தூக்குவது, கிளறுவது, துணி பிழிவது, கட்டைவிரலால் ஃபோனில் கஸ்டமருக்குப் பதில் அடிப்பது. எல்லாம் அதே நாண்கள்தான். நகைக்கு மட்டும் லீவு விட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கைக்கு எது தொழில், எது குடும்பம் என்று தெரியாது.

ஆறு வாரம் பட்டை கட்டிக்கொண்டேன். அந்த ஆறு வாரமும் கணவரும் மகனும் சமைத்தார்கள். முதல் வாரம் உப்பு கூடியது, இரண்டாம் வாரம் உப்பே இல்லை. எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து வருடமாக அதே வீட்டில் இருப்பவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் எழுந்து போய்க் கரண்டியைப் பிடுங்கப் போக, அத்தை "உட்காரு, அவன் கத்துக்கட்டும்" என்றார். அத்தை அப்படிச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டை கழன்ற பிறகும் இரவுச் சமையல் அவரிடமே இருந்துவிட்டது. அதற்காக அவரை யாராவது பாராட்டினால் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வருகிறது.

இப்போது கனமான பாத்திரம் என்றால் இரண்டு கை. குறடு, தானாக விரியும் ஸ்பிரிங் வைத்தது, தடித்த பிடி. கம்பி வேலையும் நூல் வேலையும் நாள்விட்டு நாள். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் எதையாவது 20 விநாடி பார்ப்பது. கிட்டத்தில் உற்றுப் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது. எனக்கு அந்த 20 அடி, ஜன்னலுக்கு எதிரே இருக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டி. தொழிலாளர் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி, 300 வருடத்துக்கு முன்பே நுண்வேலை செய்பவர்களின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அவர் காலத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லை, பாவம்.

அந்த ஆறு வாரத்தில் சும்மா உட்கார்ந்து கணக்கும் பார்த்தேன். ஒரு ஜோடி கம்மல் செய்ய 20 நிமிடம் என்றுதான் அதுவரை விலை போட்டிருந்தேன். படம் எடுப்பது, "இதே மாடல் நீலத்தில் கிடைக்குமா" என்பதற்குப் பதில் சொல்வது, பேக்கிங், அனுப்பியது வந்துசேர்ந்ததா என்று பார்ப்பது, எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த மிச்ச நேரத்தை இத்தனை நாளும் குடும்பத்திடமிருந்து இலவசமாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொருள் செலவோடு எல்லா நேரத்துக்கும் கூலி, அதற்கு மேல் பொதுச் செலவு, அதற்கு மேல் லாபம் என்று விலையை மாற்றினேன். சிலர் போய்விட்டார்கள். போனவர்களில் பாதிப் பேர் இரவு 11 மணிக்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள்.

சரி, அந்தப் பிரேஸ்லெட். பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் மகள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலி முட்டை அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் பத்துப் பத்து மணியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். 12 குழி. 11 குழியில் பத்து, கடைசிக் குழியில் இரண்டு.

"இனிமே நடுவுல யாராவது கூப்பிட்டா எந்தக் குழின்னு பார்த்தா போதும்மா" என்றாள்.

ஏழு வருடமாக எனக்கு இது தோன்றவில்லை. எழுந்திருக்கச் சொன்னேன். "ஒரு முத்து" என்றாள், குழியிலிருந்து தலை நிமிராமல். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கோர்க்க ஆரம்பித்தேன். சமையலறையில் பாத்திரம் உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"சாப்பிட வரலையா? மணி எத்தனை?"

"எட்டாவது குழிப்பா!" என்று மகள் கத்தினாள்.